சீமெந்துக்கு உள்ளே இருக்கிற சுவர்

அன்புள்ள மகனுக்கு,

மேல்மாடி வேலையை நிறுத்தியது நான்தான். அம்மாவையோ தங்கச்சியையோ ஏசி எழுதாதே. நீ அனுப்பிய வீட்டுப் படம் பத்திரமாக அலுமாரிக்குள் இருக்கிறது. நீலத் தாளில் நீ கீறியிருக்கும் மேல்மாடியும் வளைந்த முகப்பும் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை இந்த வீட்டின் தலையில் ஏற்ற ஏலாது. இதைப் படித்ததும் உன் காது மடல் சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சிவக்கட்டும், ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு. வான்கடிதத் தாளில் இடம் காணாது என்று, கடற்படை டொக்யாட்டில் கணக்கு எழுதிய காலத்துக் கோடு போட்ட கொப்பியைக் கிழித்து எழுதுகிறேன். பக்கங்களுக்கு இலக்கமும் போட்டிருக்கிறேன். உன் அப்பன் கடைசிவரைக்கும் கிளாக்கர்தானே.

நீ பாலைவனத்தில் எட்டு மாடி, பத்து மாடி என்று கட்டுகிறவன். கொங்கிறீற்றைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. தங்கச்சியின் கலியாணம் ஆவணியில் என்றதும் நீ துள்ளிக்கொண்டு உப்புவெளிச் சம்பந்தி வீட்டாருக்கு நேரே எழுதிவிட்டாய், பெண்ணுக்குச் சீதனம் மேல்மாடி வீடு என்று. உன் பாசம் எனக்கு விளங்குகிறது. ஆனால் எந்தச் சுவரின் மேல் அந்த மாடி நிற்கப்போகிறது என்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான் உனக்குச் சொன்ன பொய். அந்தப் பொய்யைத்தான் இப்போது எழுதப்போகிறேன். எழுத்து கோணினால் வயது என்று நினைக்காதே, பயம்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை கந்தையா மேசன் அளவு எடுக்க வந்தார். தங்கச்சி படுக்கிற அறையின் வடக்குச் சுவரில் நூல் கட்டுவதற்கு ஓர் ஆணி அடித்தார். மூன்றாவது அடியில் ஆணி கொண்டையோடு உள்ளே போய்விட்டது. குறட்டால் பிடுங்கி எடுத்தார். அந்த ஓட்டையிலிருந்து மணல் ஒழுகத் தொடங்கியது. கொஞ்சம் கொட்டிவிட்டு நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், நிற்கவில்லை. தங்கச்சி குசினியிலிருந்து வெறும் பால்மாப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். பேணி பாதி நிறைந்தது.

மேசன் சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். "ஐயா, இது சுவர் இல்லை. ரெண்டு பக்கமும் சீமெந்துக் கோது, உள்ளுக்கை வெறும் மணல். இதுக்கு மேலை கொங்கிறீற் போட என்னாலை ஏலாது. பிள்ளை குட்டி இருக்கப்போற வீடு" என்றார்.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? முன் அறைக்குப் போய் முருகன் படம் போட்ட கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, அந்த ஓட்டைக்கு மேலே கொழுவினாள். "கலியாணம் முடியட்டும். பிறகு பார்ப்பம். இப்ப ஒருத்தருக்கும் கதைக்க வேண்டாம்" என்றாள். நானும் தலையாட்டினேன். மேசனின் கையைப் பிடித்து, வெளியில் மூச்சு விட வேண்டாம் என்று கெஞ்சினேன். இரண்டு நாள் அந்தக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றேன்.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருடம் நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் பெட்டியோடு வந்து சேருகிறவன். சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் ஓலைக் கூரைக்குக் கீழே பிறந்து, கருவாட்டுப் பாயில் காகம் விரட்டி வளர்ந்தவன் நான். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த இந்த வீதியின் கல்வீடுகளைக் கண்டபோது வாயைப் பிளந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய பதினேழு வீடுகள். கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒன்றரை முழ அகலத்தில் கட்டிய சுவர்கள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். முன்னால் மரத்தூண் வைத்த விறாந்தை, யன்னலுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி, நடுவில் வானம் தெரிகிற முற்றம். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும். டொக்யாட் கிளாக்கர்மார், தையற்காரர், கப்பலுக்குச் சாமான் கொடுக்கிறவர்கள் என்று ஒரு வீடும் சும்மா கிடந்ததில்லை. பின்னேரங்களில் வெள்ளை உடுப்புப் போட்ட கப்பற்காரர்களின் சப்பாத்துச் சத்தம் வீதி நீளத்துக்குக் கேட்கும்.

வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் காசிம் காக்காவின் வீடு. கப்பல்களுக்குக் கோழியும் மரக்கறியும் கொடுத்தவர், அண்ணன் முறை வைத்து நான் காக்கா என்று கூப்பிடுவேன், உனக்கு அவர் மடியில் இருந்து பேரீச்சம்பழம் தின்ற ஞாபகம் இருக்கும். இந்த வீதியில் ஒரு வழக்கம் இருந்தது. பொதுச் சுவருக்கு இரண்டு வீட்டாரும் ஒரே கிழமையில், ஏழு நாளைக்குள்தான் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஒருவர் தனியே அடிக்கக் கூடாது. ஒரு வருடம் தீபாவளிக்கு முன், மறு வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன் என்று மாறி மாறி வரும். ஒரே பீப்பாயில் சுண்ணாம்பை நீற்றி, பாதியை அவர் எடுப்பார், பாதியை நான் எடுப்பேன். "கிளாக்கர், உங்கட பக்கம் தூரிகைய நல்லா அழுத்திப் புடிங்க, என்ட பக்கத்தால வெளிய வரட்டும்" என்று சுவருக்கு மேலால் பகிடி விடுவார்.

பிறகு வெள்ளைக்காரக் கடற்படை போனது. உனக்கு அப்போது ஐந்து வயது. ஒரு வருடத்துக்குள் வீதியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போனார்கள். வீட்டுக்காரர்கள் விறாந்தைகளைப் பலகையால் அடைத்துச் சைக்கிள் கடையும் தேத்தண்ணிக் கடையும் வைத்தார்கள். இரண்டு பெண் பிள்ளை உள்ளவர்கள் முற்றத்துக்கு நடுவால் மதில் எழுப்பி, ஒரு வீட்டை இரண்டு சீதனமாக்கினார்கள். முற்றங்களுக்குத் தகரம் போட்டார்கள். நிறக் கண்ணாடி உடைந்த இடத்தில் பழைய மரப்பெட்டிப் பலகை வந்தது. எனக்கு வேலை போகவில்லை, ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. எல்லா வீடும் இறங்குகிறபோது என் வீடும் இறங்கிவிடும், சல்லியிலிருந்து வந்தவன் கைபட்டுத்தான் இப்படி ஆனது என்று மாமனார் வீட்டார் சொல்லுவார்கள் என்று பயந்தேன்.

டொக்யாட்டில் மிஞ்சிய சீமெந்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு எட்டு மூடை. அந்த எட்டு மூடையைக் கண்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்த சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிக் கொட்டிவிட்டுச் சுவருக்குச் சீமெந்து பூசினேன், கண்ணாடி போல மினுக்கினேன். காசிம் காக்காவைக் கேட்கவில்லை. அந்த வருடம் சுண்ணாம்புப் பீப்பாயோடு அவர் வந்து வாசலில் நின்றார். "எனக்கு இனி இது தேவையில்லைக் காக்கா, காலம் மாறிப்போச்சு" என்றேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இரிக்கி" என்று சொல்லிப் பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்.

நான் ஓர் அறிவுரை சொல்வதென்றால் இதுதான். நாளைக்கு நீயும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் பெட்டியோடு போவாய். போன கையோடு உன் கெட்டித்தனத்தைக் காட்டுகிறேன் என்று அந்த வீட்டில் எதையும் பூசாதே. ஒரு மாரியாவது இருந்து பார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்தப் பக்கத்தால் போகிறது என்று அந்த வீட்டாரைக் கேள்.

சுண்ணாம்புச் சுவர் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, இரண்டு பக்கத்தாலும் வெளியே விடும். ஒரு பக்கத்தைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் முழுவதும் மற்றப் பக்கத்துக்குத்தான் போகும். இதை எனக்கு டொக்யாட்டில் கட்டட வேலையை மேற்பார்த்த ஓவசியர் ஒருவர் சொன்னார். நான் பெருமையாகச் சுவர்க் கதையை எடுத்தபோது அவர் முகத்தைச் சுளித்து, "பக்கத்து வீட்டுக்காரன் பாவமடா" என்றார். அது பூசி இரண்டாம் வருடம். அப்போதே உடைத்திருக்கலாம். காசிம் காக்காவின் பக்கத்தில் உப்புப் பூத்தது, கல் பொடியாய் உதிர்ந்தது, ஒவ்வொரு வருடமும் அவர் தனியாகச் சுரண்டித் தனியாகச் சுண்ணாம்பு அடித்தார். நான் விறாந்தைக் கதிரையில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டு அந்தச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டேன்.

பெரும்புயல் ஓட்டுக் கூரையைக் கலைத்துப் போட்ட பிறகு வந்த மூன்றாம் மாரியில், ஒரு நாள் மத்தியானம், அவர் பக்கத்துப் பாதிச் சுவர் வயிறு தள்ளி விழுந்தது, சீமெந்து பிடித்திருந்த என் பாதி நின்றது. உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தால் வந்து சேர்ந்த நேரம், சத்தம் கேட்டு நீதான் முதலில் ஓடினாய். அது அவருடைய மகள் சுபைதாவுக்கு என்று ஒழுங்குபடுத்தி வைத்த அறை. மூதூரில் சம்பந்தம் பேசி முற்றாக்கி, புதுக் கட்டிலும் அலுமாரியும் வாங்கி வைத்திருந்தார்கள். சுபைதா கிணற்றடியில் நின்றதால் உயிர் தப்பினாள். கட்டிலுக்கு மேலே கல் குவிந்து கிடந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கிளாக்கர், நீங்க படிச்ச மனிசன். கட்டட வேலையெல்லாம் கண்டவர். உள்ளதச் செல்லுங்க. இந்த ஊடு நிக்குமா? என்னத்தால விழுந்த?"

நான் அவரை உள்ளே கூட்டிப்போய் என் பக்கத்தைக் காட்டினேன். ஒரு கீறல்கூட இல்லை. "பாருங்கோ, ஒரே சுவர்தான். நான் கவனிச்சு வைச்சிருக்கிறன். அவர் இன்னும் சுண்ணாம்போடை நிக்கிறார், பராமரிப்புக் காணாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் கிழமையே சம்பந்தம் முறிந்தது. காசிம் காக்கா வீட்டை வந்த விலைக்கு விட்டுவிட்டு, மனைவி மக்களோடு குறிஞ்சாக்கேணிக்குப் போய்விட்டார். லொறியில் சாமான் ஏற்றும்போது நீ உதவி செய்தாய். திரும்பி வந்து, "ஏனப்பா அவையின்ரை சுவர் மட்டும் விழுந்தது?" என்று கேட்டாய். "அவர் வீட்டைப் பார்க்கேல்லை" என்றேன். அந்தப் பொய்தான் இது. நீ அதை நம்பித்தான் சீமெந்து வேலை பழகப் போனாய் என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுகிறது.

வாங்கியவன் ஓட்டுக்கும் மரத்துக்குமாக அந்த வீட்டை இடித்தான். வெளியே தெரிந்த எங்கள் சுவரின் முதுகுக்கு நான் மறுபடியும் சீமெந்து பூசினேன். அதோடு ஈரத்துக்கு இரண்டு வழியும் அடைபட்டுப் போனது. பதினைந்து வருடமாக அது உள்ளுக்குள்ளேயே கிடந்து கல்லைத் தின்றிருக்கிறது. பக்கத்து வளவில் இப்போது லொறி திருத்துகிறார்கள், ஒவ்வொரு முறை இயந்திரத்தை முறுக்கும்போதும் கலண்டர் ஆடுகிறது. பதினேழு வீட்டில் முழு வீடாக நிற்பது நான்குதான். ஊர் நிலவரமும் சரியில்லை. வெளிச்சம் போகுமுன் கடைகள் பலகை போடுகின்றன, ஆட்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கப் பயப்படுகிறார்கள். இந்த நேரத்தில் இந்தச் சம்பந்தமும் தவறிப்போனால் உன் தங்கச்சிக்கு இன்னொன்று வருமா என்று அம்மா அழுகிறாள். நானும் அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில், எங்கே என்று ஒருவருக்கும் சொல்லாமல், கிண்ணியாத் துறையில் படகேறிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். காசிம் காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போக உடுத்திக்கொண்டு முற்றத்தில் இருந்தார். கிழடு தட்டிப் போனார், ஆனால் என்னைக் கண்டதும், "என்ன கிளாக்கர், வழி தவறிட்டா?" என்று அதே பகிடி. இருக்கச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஓவசியர் சொன்னதையும் சொன்னேன். தெரிந்துகொண்டுதான் மூதூர் ஆட்களிடம் அப்படிக் கதைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பியபடி சொன்னார். "எனக்கு அண்டைக்கே தெரியும் கிளாக்கர். விழுந்த கல்ல அள்ளினவன் நான்தானே. என்ட பக்கம் ஊறிக் கிடந்த, உங்கட சீமெந்து மட்டும் காஞ்சி நிண்ட."

"அப்ப ஏன் காக்கா நீங்கள் ஒண்டும் கேட்கேல்லை?"

"நீங்களே உள்ளதச் செல்லுவீங்கெண்டு இரிந்த. லொறி வெளிக்கிடுமட்டும் பார்த்துட்டு இரிந்த."

எனக்கு மகனே, அந்த இடத்தில் பூமி பிளக்காதா என்று இருந்தது. அந்த நேரம் சுபைதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய், கிண்ணியாவில் ஒரு வாத்தியாரைக் கட்டியிருக்கிறாள், வாப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். ஏசப்போகிறாள் என்று குனிந்து நின்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மாமா, உங்கட மகள் இப்பயும் அந்தச் சுவரடியிலயா படுக்கிறா?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

"போன உடனே கட்டில மாத்துங்க."

ஆணி அடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. மேல்மாடியைப் பற்றிக் கதைத்தோம், சம்பந்தியைப் பற்றிக் கதைத்தோம், நீ என்ன சொல்லுவாய் என்று கதைத்தோம். என் பிள்ளையின் கட்டிலை நகர்த்த வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைச் சுபைதா சொல்ல வேண்டியிருந்தது. படகில் திரும்பும்போது ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

வந்த கையோடு கட்டிலை மாற்றினேன். தங்கச்சியையும் அம்மாவையும் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. தங்கச்சி கேட்டாள்: "நாளையண்டைக்கு அவையள் வீடு பார்க்க வருகினமே அப்பா, என்ன சொல்லப் போறியள்?"

"உள்ளதைச் சொல்லுவன்."

"அவையள் வேண்டாம் எண்டால்?"

கேட்டுவிட்டு அவளே போய்க் கலண்டரைக் கழற்றினாள். உன் பழைய ஆயுதப் பெட்டியிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்து என் கையில் தந்தாள். "சொன்னால் நம்பாயினம். திறந்து காட்டுவம்" என்றாள்.

இன்று சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து தங்கச்சியும் நானுமாகக் கூரைக்கு மரத்தால் முட்டுக் கொடுத்துவிட்டு, கந்தையா மேசன் நின்று காட்டக் காட்ட, சீமெந்தை ஒரு கதவளவுக்கு உடைத்திருக்கிறோம். உள்ளே இருப்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. இந்தச் சுவரை இறக்கிப் புதிதாக எழுப்பலாம், மாடி இல்லாமல் ஓட்டு வீடாக, உன் படத்தில் இருப்பதைவிட இரண்டு அறை குறைவாக. அதுதான் அவளுக்கு நாங்கள் கொடுக்கக்கூடிய வீடு. நீ சம்பந்தி வீட்டாருக்கு எழுதிய சொல்லை நான் மீறுகிறேன். என்னை மன்னிப்பதும் விடுவதும் உன் விருப்பம், ஆனால் தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு.

நாளைக்குக் காலையில் உப்புவெளி ஆட்கள் வருகிறார்கள். காசிம் காக்காவும் முதல் படகில் வருகிறேன் என்றார், நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும், இந்த வீடு நிற்குமா, இந்த வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன் என்று. வெள்ளிக்கிழமை நான் வெளிக்கிடும்போது அவர் என்னிடம், "கேட்டா உள்ளதத்தான் செல்லுவன் கிளாக்கர், யோசிச்சிக்கங்க" என்றார். யோசித்துவிட்டேன். விறாந்தையில் அவருக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா